ஆர்க் தோலுக்கு எந்தப் பச்சை வழி: லேயரிங்கா, காண்ட்ராஸ்ட்டா, ஸ்லாப்சாப்பா?

ஆர்க் பாய்ஸ்னா வார்ஹாமர்ங்கற டேபிள் கேம்ல வர்ற பச்சைத் தோல் அரக்கப் படையோட சாதா சிப்பாய்ங்க, சின்ன பிளாஸ்டிக் பொம்மைங்க, நாமதான் ஒட்டி பெயிண்ட் பண்ணணும். போன மாசம் ஒரே பிளாஸ்டிக் ஃப்ரேம்லேர்ந்து வெட்டி ஒட்டுன நாலு ஆர்க் பாய்ஸை மேஜைல வரிசையா நிக்க வச்சு, நாலு பேருக்கும் நாலு விதமா தோல் பூசிப் பாத்தேன். துணி, கோடாலி, பல்லு எதையும் தொடல, தோல் மட்டும்தான். பெட்டிக்குள்ள இன்னும் முப்பது பேர் சாம்பல் பிளாஸ்டிக்காவே கெடக்கானுங்க, அவனுங்களுக்கு எந்த வழில போறதுன்னு முடிவெடுக்கணும், கேட்டா, ஒரே கோட்ல நிழலும் வெளிச்சமும் காட்டற காண்ட்ராஸ்ட் பெயிண்ட்டப் புடிச்ச ஒரு கூட்டம் "காண்ட்ராஸ்ட் ஒரு கோட் அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருப்பா"ங்குது, இன்னொரு கூட்டம் "அதுக்குப் பேரு பெயிண்டிங்கா"ங்குது. ரெண்டு பக்கமும் கேட்டு காது வலிச்சதுதான் மிச்சம், சரி நாமளே பாத்துருவோம்னு எறங்கிட்டேன்.

முதல்ல பச்சைல இருக்கற தொல்லைய சொல்லிடறேன். மனுஷத் தோல் பூசும்போது சந்தேகம் வந்தா நம்ம கையத் திருப்பிப் பாத்துக்கலாம், வெளிச்சம் எங்க விழுது, மடிப்புல என்ன கலர் வருதுன்னு தெரிஞ்சிடும். ஆர்க்குக்கு அந்த வசதி கெடையாது. கொஞ்சம் ஏமாந்தா அது தோலா தெரியாது, பச்சை பிளாஸ்டிக் பொம்மையா தெரியும். ஹைலைட்டுக்கு, அதாவது வெளிச்சம் படற மேட்டுக்கு, வெள்ளை கலந்தீங்கன்னா நேரா ஆஸ்பத்திரி சுவர் கலர்தான். நிழலுக்கு கறுப்பு கலந்தா சேத்துல பொரண்டவன் மாதிரி ஆயிடுவான். நம்ம பாட்டிங்க பொடவைக்கு சொல்ற பேர்லயே விடை இருக்கு: பள்ளத்துல பாசிப்பச்சை, நடுவுல இலைப்பச்சை, மேட்டுல கிளிப்பச்சை. அதாவது வெளிச்சத்துக்குப் போகப் போக மஞ்சள் ஏறணும், நிழலுக்குப் போகப் போக நீலமோ பிரவுனோ எறங்கணும். எந்த முறையா இருந்தாலும் இது நடக்குதான்னுதான் நான் பாத்தேன்.

முதல் ஆள், பழைய லேயரிங், அதாவது அடர் கலர்ல ஆரம்பிச்சு அடுக்கடுக்கா வெளிர் கலர் ஏத்தறது. வார்ஹாமர்காரங்களோட பெயிண்ட் பிராண்டான சிட்டாடல் வரிசைல வாஆஆ ஃப்ளெஷ் அடிக் கலர் (பேஸ்), அதுமேல பள்ளத்துல தேங்கி நிழல் காட்டற பீல்-டான் கிரீன் ஷேட், அப்புறம் வார்பாஸ் கிரீன், கடைசி விளிம்புக்கு ஸ்கார்ஸ்னிக் கிரீன். வாஆஆ ஃப்ளெஷ் நீலம் கலந்த அடர் பச்சை, அதனால நிழல் தானா அமைஞ்சிடுது, இது இந்த வரிசையோட பெரிய பலம். வார்பாஸ் கிரீன்தான் பழைய ஆளுங்க சொல்ற காப்ளின் கிரீனுக்கு வாரிசு, 2012ல சிட்டாடல் மொத்த வரிசையும் பேர் மாத்துனப்போ வந்தது. தொண்ணூறுகள்ல பொம்மை நிக்கற தட்டோட ஓரத்துக்கெல்லாம் காப்ளின் கிரீன்தான் அடிப்பாங்க, அந்தப் பச்சை வளையத்தப் பாத்தா இப்பவும் சிலருக்கு கண்ணு கலங்கும். ஆனா கடைசில வர்ற ஸ்கார்ஸ்னிக் எனக்குப் புடிக்கல, அதுல சாம்பல் தூக்கலா இருக்கு, அப்படியே வச்சா மாவு அப்புன மாதிரி ஆகுது. நான் வார்பாஸ்லயே துளி மஞ்சளும் துளி எலும்பு கலரும் சேத்து மூக்கு மேல, புருவ மேடு, விரல் முட்டி இதுக்கு மட்டும் வச்சேன், உடனே உயிர் வந்துருச்சு. ஒரு ஆளுக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு, அதுவும் வெறும் தோலுக்கு. ஆர்க் பாய்னா சட்டை பாதி இருக்காது, கை முழுக்க சதை உருண்டை உருண்டையா இருக்கும், அத்தனை உருண்டைக்கும் நாலு கலர். முப்பது பேரக் கணக்குப் போட்டுப் பாத்தேன், மேல சொல்ல வேண்டாம்.

ரெண்டாவது ஆள், காண்ட்ராஸ்ட். 2019ல சிட்டாடல் எறக்குன சரக்கு, இதுல ஆர்க் ஃப்ளெஷ்னே ஒரு டப்பா இருக்கு. மீடியம்ங்கற கெட்டியான கலரில்லாத திரவத்துல கலர் மிதக்குது, மேட்டுலேர்ந்து வழிஞ்சு பள்ளத்துல தேங்குது, அடியில இருக்கற வெள்ளை மேட்டுல எட்டிப் பாக்குது, ஒரே கோட்ல நிழலும் வெளிச்சமும் வந்த மாதிரி கண்ணு ஏமாறுது. அதனாலதான் அடியில என்ன கலர்ங்கறது இதுல பாதி வேலை. எலும்பு கலர் ரெய்த்போன் ஸ்ப்ரே மேல அடிச்சா மஞ்சள் சாயல்ல சூடா வரும், வெளிர் சாம்பல் கிரே சீர் ஸ்ப்ரே மேல அடிச்சா அதே டப்பா நீலம் பாஞ்சு குளிர்ந்து போகும். ஆர்க்குக்கு ரெய்த்போன்தான், என்கிட்ட யார் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.

பன்னெண்டு நிமிஷத்துல தோல் முடிஞ்சிருச்சு. ஆனா அந்த பன்னெண்டு நிமிஷமும் கவனம் வேணும். ப்ரஷ் நெறைய எடுத்து தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே இழுப்பா கொண்டு போகணும், நடுவுல நிறுத்திட்டு ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்தா அந்த எடத்துல கோடு விழுந்துடும், அது போகவே போகாது. தாடைக்குக் கீழ பாருங்க, அங்க ஒரு சொட்டு தொங்கிட்டு நிக்கும், காய்றதுக்கு முன்னாடி ஈரமான சுத்த ப்ரஷ் நுனியால அத உறிஞ்சி எடுத்துடணும், இல்லேன்னா காஞ்சதும் கறுப்பா ஒரு பட்டை நிக்கும். தண்ணி ஊத்தி நீர்க்க வைக்காதீங்க, திட்டு திட்டா உடைஞ்சிடும், அதுக்குன்னே இருக்கற மீடியம் ஊத்துங்க. இன்னொண்ணு, வார்னிஷ் அடிக்கற வரைக்கும் விரல் பட்ற விளிம்புல கலர் தேஞ்சு வெள்ளை தெரியும். கார்க் ஒண்ணுல ஒட்டி வச்சுப் புடிச்சுக்கோங்க.

மூணாவது ஸ்லாப்சாப். கறுப்பு ப்ரைமர் (பெயிண்ட் புடிக்கறதுக்கு முதல்ல அடிக்கற கோட்), அதுமேல சாம்பல் ட்ரைப்ரஷ், அதாவது பெயிண்ட்ட நல்லா தொடச்சிட்டு கிட்டத்தட்ட காஞ்ச ப்ரஷ்ஷால மேட்டுல மட்டும் தேய்க்கறது, அப்புறம் வெள்ளை ட்ரைப்ரஷ், கடைசில அதே காண்ட்ராஸ்ட். பேர்தான் புதுசு, கறுப்பு வெள்ளைல வெளிச்சத்த முடிச்சிட்டு மேல மெல்லிசா கலர் ஊத்தறது ஓவியத்துல ரொம்பப் பழைய வழி. துணி, கம்பளி, தோல்பை, மரக்கட்டை இதுக்கெல்லாம் சும்மா அள்ளுது. ஆர்க் தோலுக்கு? எனக்கு ஒத்து வரல. சதை வழவழன்னு இருக்கற எடத்துல ட்ரைப்ரஷ் பொடிப்பொடியா ஒட்டும், மேல பச்சை ஊத்தும்போது அந்தப் பொடி மறையாது, இன்னும் நல்லா தெரியும், பவுடர் பூசி வேர்த்த மொகம் மாதிரி. அதுக்கும் மேல, அடியில இருக்கற கறுப்பும் சாம்பலும் பச்சைல இருக்கற மஞ்சளச் சாப்பிட்டுடுது, மொத்தத்துல மங்கிப் போறான். கறுப்புக்குப் பதிலா அடர் பிரவுன், வெள்ளைக்குப் பதிலா எலும்பு கலர் வச்சா பரவாயில்லாம வருது, பெரிய மென்மையான ப்ரஷ்ஷால செல்லமா தடவணும். ஆனா அவ்ளோ மெனக்கெட்டா காண்ட்ராஸ்ட்டோட வேகம் எங்க போச்சு? இத ரசிக்கறவங்க கோச்சுக்கக் கூடாது.

நாலாவது ஆள் கதை சோகம். காண்ட்ராஸ்ட் மாதிரியே ஒரே கோட்ல முடியற, வேற கம்பெனியோட பெயிண்ட், பழைய சரக்கு, ட்ராப்பர் பாட்டில். அடிக்கும்போது தங்கமா இருந்துச்சு, காண்ட்ராஸ்ட்ட விட வழிசல் கம்மி. மறுநாள் மேல ஹைலைட் வைக்கப் போனேன், தண்ணி பட்டதும் அடியில இருந்த பச்சை கரைஞ்சு மேல ஏறி வந்துருச்சு, பல்லுக்கு எலும்பு கலர் வச்சா பல்லும் பச்சை. பாகற்காய் தின்ன வாய் மாதிரி நிக்கறான். நடுவுல ஒரு மேட் வார்னிஷ் அடிச்சதும் அடங்குச்சு, ஆனா அதுக்குள்ள ஒரு கன்னம் போயிருச்சு. புதுசா வர்ற பாட்டில்ல இந்த வியாதி கொறைஞ்சிருக்குன்னாலும் ஒரு பழைய பொம்மைல டெஸ்ட் பண்ணிட்டு எறங்குங்க.

இப்ப நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். கைக்கெட்டற தூரத்துல லேயரிங் ஆள்தான் ராஜா, சந்தேகமே இல்ல. ரெண்டடி தள்ளி, அதாவது கேம் ஆடும்போது டேபிள்ல தெரியற தூரத்துல, காண்ட்ராஸ்ட் ஆளுக்கும் அவனுக்கும் வித்தியாசம் பாதியா கொறைஞ்சிருச்சு. அந்த மிச்சப் பாதி என்னன்னு யோசிச்சிட்டே இருந்தேன், காண்ட்ராஸ்ட் ஆள் நல்லாத்தான் இருக்கான், ஆனா ரத்தம் இல்லாதவன் மாதிரி இருக்கான். கதகளில பச்சை வேஷம் பாத்திருக்கீங்கல்ல, மொகம் முழுக்கப் பச்சை, உதடு மட்டும் செக்கச் செவேல்னு, எவ்ளோ தூரத்துலேர்ந்தும் அந்த மொகம் பேசும். பச்சைக்கு எதிர்ல நிக்கற கலர் சிவப்பு, பக்கத்துல வச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும். சரின்னு காரோபர்க் கிரிம்சன்ங்கற செவப்பு வாஷ்ஷை (பள்ளத்துல தேங்கற தண்ணி மாதிரி பெயிண்ட்) மீடியம் ஊத்தி நல்லா நீர்க்க வச்சு, டிஷ்யூல ப்ரஷ்ஷ ஒரு தடவை ஒத்திட்டு, கீழுதடு, மூக்கு நுனி, காது மடல், விரல் முட்டி, தழும்பு இருக்கற எடம் மட்டும் தொட்டேன். அஞ்சு நிமிஷம் கூட ஆகல. தழும்புல இன்னும் பழுத்த மாதிரி வேணும்னா ட்ருகி வயலட்ங்கற ஊதா வாஷ் ஒரு துளி. அதுக்கப்புறம் அவனையும் லேயரிங் ஆளையும் வீட்ல காட்டி "எது நல்லாருக்கு"ன்னு கேட்டேன், "ரெண்டும் ஒரே அசிங்கம்"னு பதில் வந்துச்சு. அதாவது வித்தியாசம் தெரியல, காண்ட்ராஸ்ட் ஆள் பாஸ் ஆயிட்டான்.

அதனால பச்சையை எப்படி ஏத்தறீங்கங்கறத விட பச்சையில்லாத எடம் எங்க வைக்கறீங்கங்கறதுதான் தோலா பொம்மையான்னு முடிவு பண்ணுது, இத ரெண்டு கூட்டமும் பேச மாட்டேங்குது.

காசு பக்கம் பாத்தா காண்ட்ராஸ்ட் டப்பா 18 மி.லி., பேஸும் லேயரும் 12 மி.லி., ஆனா காண்ட்ராஸ்ட் மடமடன்னு தீரும், லேயரிங் டப்பா வருஷக்கணக்குல கெடக்கும், கடைசில காஞ்சுதான் போகும். வெலை கட்டுப்படலேன்னா வாயேஹோ ட்ராப்பர் பாட்டில் பாருங்க, அவங்ககிட்டயும் காப்ளின் கிரீன்னு ஒண்ணு இருக்கு, சொட்டு சொட்டா எடுக்கறதால வீணாகறது கம்மி. ஏர்பிரஷ் வச்சிருக்கவங்க இதெல்லாம் படிச்சு சிரிப்பீங்க, சிரிங்க, எங்க வீட்ல கம்ப்ரஸர் சத்தத்துக்கு அனுமதி இல்ல. மழை நாள்ல ஸ்ப்ரே ப்ரைமர் மட்டும் வேண்டாம், காத்துல ஈரம் இருந்தா சொரசொரன்னு மணல் ஒட்டுன மாதிரி காயும், காண்ட்ராஸ்ட் அந்த மணல்ல போய் உக்காந்துக்கும்.

முப்பது பேர்ல இருபத்தஞ்சு பாய்ஸுக்கு ரெய்த்போன், ஆர்க் ஃப்ளெஷ், சிவப்புத் தொடல், முடிஞ்சது. நாலு நாப்ஸுக்கு, அதாவது பாய்ஸ விட பெரிய ஆர்க்குங்களுக்கு, அதுமேலயே வார்பாஸ் கிரீன்-மஞ்சள் கலவைல முகத்துக்கும் முட்டிக்கும் மட்டும் ரெண்டு ஹைலைட். படைக்குத் தலைவன், வார்பாஸ்னு ஒருத்தன் இருக்கான், பெரிய ஆர்க்னா அடர் பச்சைங்கறது வழக்கம், அவனுக்கு மட்டும் முழு லேயரிங். நேத்து ராத்திரி வாஆஆ ஃப்ளெஷ் முதல் கோட் வச்சிட்டேன், இடது காதுக்குப் பின்னாடி ஒரு எடம் விட்டுப் போச்சு, காலைல வெளிச்சத்துலதான் தெரிஞ்சது.