‘ஆர்டர் வண்டி’ என்று சொல்லி யார்டில் கிடந்த வண்டியைத் தலையில் கட்டினார்கள்: 68,480 ரூபாய் போச்சு

மதுரையில் புது கார் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். ஆர்டர் போட்டு வாங்குவதா, டீலர் கையில் இருக்கும் ஸ்டாக்கில் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருக்கும். கணக்கு மட்டும் சரியாக இருக்கும். 68,480 ரூபாய்.

கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் போடவில்லை. நாடு முழுக்க விற்கிற கம்பெனி, அதன் அங்கீகாரம் பெற்ற டீலர். கண்ணாடிச் சுவர், ஏசி, வாசலில் பலூன் தோரணம் என்று எல்லாம் இருக்கிற இடம். சந்துக்குள் இருக்கும் புரோக்கர் கடை என்றால் நாமே உஷாராக இருப்போம். இங்கேதான் அசந்துவிடுகிறோம்.

நடந்தது இது. நவம்பர் 14 அன்று 25,000 கட்டி புக்கிங். பெட்ரோல் வண்டி, ஷோரூம் விலை 9,92,000. கேட்ட முதல் கேள்வியே ஸ்டாக்கில் இருக்கிறதா என்பதுதான். வந்த பதில்: “இந்த வேரியன்ட்ல இந்தக் கலர் மதுரைக்கே இல்லண்ணே. தீபாவளியோட எல்லாம் காலி. கம்பெனிக்கு ஆர்டர் போட்டாத்தான் வரும். கார்த்திகைக்குள்ள எடுத்துரலாம்.” தள்ளுபடி கேட்டதற்கு, “ஸ்டாக் வண்டின்னா மேனேஜர்ட்ட பேசி ஏதாவது குறைக்கலாம். உங்க பேர்ல ஆர்டர் போட்டு வர்ற வண்டிக்கு எப்படிண்ணே?”

நியாயமாகத்தான் பட்டது. அதிகம் விற்காத வேரியன்டை (ஒரே மாடலின் ஒரு வகையை) டீலர்கள் வாங்கி வைப்பதில்லை. ஆர்டர் வந்தால்தான் கேட்டு வாங்குவார்கள். கம்ப்யூட்டரைத் திருப்பி ஆர்டர் நம்பரையும் காட்டினார்கள். காட்டாதது ஒன்றே ஒன்று, சேசிஸ் நம்பர், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அடிக்கும் அடையாள எண்.

டிசம்பர் 10-ல் கேட்டால் “அடுத்த வாரம்”. 16-ல் மார்கழி பிறந்துவிட்டது. உடனே போன்: “வண்டி வர்ற மாதிரிதான் இருக்கு. ஆனா மார்கழில யாருண்ணே புது வண்டி எடுப்பா? தை பிறக்கட்டும், அம்சமா எடுத்துக்கங்க.” எவ்வளவு அக்கறை! ஜனவரி 1-ல் விலை ஏறப்போகிறது என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். பெரும்பாலான கம்பெனிகள் புத்தாண்டில் விலையை ஏற்றுவது வருஷா வருஷம் நடக்கிற சடங்கு.

டிசம்பர் 29 அன்று மேனேஜரே கூப்பிட்டார். “31-க்குள்ள முழுப் பணத்தையும் கட்டிருங்க சார், பழைய விலைய லாக் பண்ணிரலாம்.” நம்பிய இடம் இதுதான். 30-ம் தேதி ஆர்டிஜிஎஸ்-ல் முழுத் தொகையும் போனது. அப்படியே பில்லும் போட்டுவிடுங்கள் என்றதற்கு, “வண்டி கன்டெய்னர்ல வந்துட்டிருக்கு சார். சேசிஸ் நம்பர் கைக்கு வராம பில் போட முடியாது. பணம் கட்டிட்டீங்கல்ல, விலை லாக் ஆயிருச்சு” என்றார். எல்லாம் போனில். எழுத்தில் ஒரு வரி இல்லை.

ஜனவரி 12 அன்று குறுஞ்செய்தி வந்தது: புது விலை 10,08,000, வித்தியாசத்தைக் கட்டவும், தவறினால் எனக்கு ஒதுக்கிய வண்டி வேறு வாடிக்கையாளருக்கு மாறும்.

விலையில் ஏறியது 16,000 தானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் இடி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை, அதாவது வண்டி பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியை, உயர்த்தினார்கள். காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5-லிருந்து 10 லட்சம் வரை 13, 10-லிருந்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 18 இல்லை, முழு விலைக்கும் 18. 9,92,000-க்கு வரி 1,28,960. 10,08,000-க்கு 1,81,440. வரியில் மட்டும் 52,480 கூடுதல். விலையேற்றம் 16,000-ஐச் சேர்த்தால் 68,480. இது போக 10 லட்சத்துக்கு மேல் போனதால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து நம் பெயரில் கட்டும் வருமான வரி) 1 சதவீதம், 10,080. அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும் என்பதால் இழப்பில் சேர்க்கவில்லை. 68,480 திரும்பாது.

ஒன்பதே முக்கால் லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்குள் விலை இருக்கும் வண்டியை ஆர்டர் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த விளிம்பில்தான் நிற்கிறீர்கள். ஷோரூமில் ஒருத்தரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, விலையை ஏற்றியது கம்பெனி, வரியை வைத்தது அரசாங்கம், டீலர் என்ன செய்வார் என்று விட்டிருக்கலாம். ஜனவரி 21 அன்று வண்டியோடு காகிதங்களும் கைக்கு வந்தன. பார்ம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழில், தயாரிப்பு மாதம், ஆண்டு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 10/2025. முன் கண்ணாடியின் உள்பக்கம், கீழ் மூலையில், பிய்க்க மறந்த யார்டு ஸ்டிக்கர் (யார்டு என்பது டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்). உள்ளே வந்த தேதி 18-10. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். தீபாவளி விற்பனைக்குக் கொண்டுவந்து மிஞ்சிய வண்டி! நவம்பர் 14 அன்று “மதுரைக்கே இல்லண்ணே” என்று சொன்னபோது அது அவர்கள் யார்டுக்கு வந்து 27 நாள் ஆகியிருந்தது. “கன்டெய்னரில் வருகிறது” என்ற டிசம்பர் 30 அன்றும் அங்கேயேதான் நின்றது. அன்றைக்கே பில் போட்டிருந்தால் 9,92,000, 13 சதவீத வரி, கதை முடிந்திருக்கும்.

கொடுமை என்னவென்றால், டிசம்பர் முழுக்க அதே ஷோரூம் வாசலில் ஸ்டாக் வண்டிகளுக்கு 20,000 தள்ளுபடி என்று பேனர் தொங்கியது. ஸ்டாக் என்று சொல்லி விற்றிருந்தால் அதையும் கொடுத்தாக வேண்டும். ஆர்டர் என்று பெயர் மாற்றியதால் தள்ளுபடி மிச்சம், விலையேற்றம் லாபம்.

இதில் நான் கோட்டைவிட்டது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் விழுவார்கள். ‘வண்டி வழியில் இருக்கிறது, சேசிஸ் நம்பர் இன்னும் வரவில்லை’ என்பது நடக்கவே நடக்காத காரியம். தொழிற்சாலையில் சேசிஸ் நம்பர் அடித்த பிறகுதான் வண்டி வெளியே வருகிறது. கம்பெனி டீலருக்குப் போடும் பில்லிலேயே அந்த நம்பர் இருக்கும். அந்த பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. லாரி ஏறிய வண்டிக்கு நம்பர் இல்லை என்றால் ஒன்று வண்டி லாரி ஏறவில்லை, அல்லது நம்பரைச் சொல்ல விருப்பமில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்ற தம்பி: “எனக்கு சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுச்சுண்ணே, மேனேஜர்ட்ட பேசுங்க.” மேனேஜர்: “ஆர்டர்னாலும் ஸ்டாக்குனாலும் கம்பெனி வண்டிதான சார்? வாரன்டி இன்னைலருந்துதான ஆரம்பிக்குது?” (வாரன்டி டெலிவரி தேதியிலிருந்து என்பது உண்மைதான். நான் கேட்டது வாரன்டி இல்லை.) விலை லாக் பற்றிக் கேட்டால், “ஆர்டர் பார்ம்ல அஞ்சாவது பாயின்ட் பாருங்க சார், டெலிவரி அன்னைக்கு உள்ள விலைதான்னு போட்டிருக்கு, கையெழுத்து போட்டிருக்கீங்க.” மூன்றாவது தடவை போனபோது, “மார்கழில வேணாம்னு நீங்கதான சார் சொன்னீங்க?” ஜெனரல் மேனேஜர் லீவு. கம்பெனி கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி. யார் தீர்த்தது, என்ன தீர்த்தது, தெரியவில்லை. கடைசியாக ஒரு சமரசம் வந்தது, தரை மிதியடி ஒரு செட்டும் மட்ஃப்ளாப்பும் இலவசம். 68,480 ரூபாய்க்கு மட்ஃப்ளாப்!

நேற்று அங்கிருந்து இன்னொரு போன். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டால் பத்துக்குப் பத்து மார்க் போடச் சொல்லி.

ஆர்டரா ஸ்டாக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்டாக் வண்டி கெட்டது இல்லை. தயாரித்து 60, 90 நாளுக்குள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். டீலர் அந்த வண்டியை வங்கிக் கடனில் வாங்கி நிறுத்தியிருப்பார், நாள் கூடக் கூட வட்டி ஏறும். பழைய வண்டியைத் தள்ளிவிட அவருக்குத்தான் அவசரம், பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கிறது. கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்து, அன்றைக்கே பில் போடச் சொல்லலாம். விலையேற்றப் பயம் இல்லை. ஆர்டர் என்பது குறிப்பிட்ட கலர், குறிப்பிட்ட கியர், இதுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு. காத்திருக்கும் காலத்தில் விலை ஏறினால் அது உங்கள் தலையில். ஆகவே நவம்பர், டிசம்பரில் ஆர்டர் போடுவது, அதுவும் 10 லட்சத்தை ஒட்டிய வண்டிக்கு, எழுத்தில் விலை உத்தரவாதம் இல்லாமல் கூடவே கூடாது.

பல மாதம் நின்ற வண்டியில் என்ன பழுதாகும் என்றால், முதல் பலி பேட்டரி. நன்றாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். என் வண்டியில் 12.2. பாதிக்கு மேல் இறங்கிய பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் குறைகிறது. சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைக்குத் தெரியாது, அடுத்த வருஷம் தெரியும். ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பக்கம் தட்டையாகும், 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பிரேக் டிஸ்க்கில் மேலாகத் துரு படிவது சாதாரணம், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். எலி வேறு விஷயம். நம் ஊர் யார்டுகள் காட்டை ஒட்டி இருக்கின்றன, பானட்டைத் திறந்து ஒயர் கட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வயதைக் கண்டுபிடிக்க: சேசிஸ் நம்பரில் 17 எழுத்து. பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து ஆண்டு. ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. மாத எழுத்து எந்த இடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அதை நம்பி ஊகிக்காமல் பார்ம் 21-ஐக் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம், 3825 என்றால் 2025-ன் 38-வது வாரம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் துணி லேபிளில் தேதி இருக்கும். நான்கு கண்ணாடியில் ஒன்றின் குறி மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது மாற்றிய கண்ணாடி, ஏன் என்று கேளுங்கள். நம்பர் டிஎன் 58-ல் விழுமா, 59-ஆ, 64-ஆ, கூட்டுத்தொகை எத்தனை என்றெல்லாம் பார்க்கிறோம், இந்த 17 எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை.

முழுப் பட்டியலாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனுவுக்கு நகல் எடுக்கப் போக வேண்டும். அவசரமாக:

சேசிஸ் நம்பர் இல்லாமல் புக்கிங் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். வங்கிக் கடன் என்றாலும் இதேதான், பணம் டீலருக்குப் போய்விட்டால் தவணை ஓட ஆரம்பித்துவிடும்.

விலையை முடிவு செய்வது பில் தேதி. பணம் கட்டிய தேதி இல்லை. ‘லாக்’ என்ற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது, ஆர்டர் பார்மில் கையால் எழுதி சீல் வைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் வண்டியைப் பாருங்கள், பிறகு பார்த்துப் புண்ணியம் இல்லை. பாண்டி கோவில் வண்டிப் பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கும் முன் பார்ம் 21-ஐ வாங்கிப் படியுங்கள்.

இன்சூரன்ஸ் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று பில்லில் இருந்தால் எதற்கு என்று கேட்டு, அதை நீக்கச் சொல்லுங்கள்.

போனில் சொன்னதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று திருப்பி அனுப்பி வையுங்கள். நான் அனுப்பவில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 10-லிருந்து 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். கண்ணாடியில் யார்டு ஸ்டிக்கர் இருந்தால் பிய்க்காதீர்கள், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். என்னிடம் இப்போது கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான்.