62,000 ரூபாயும் இரண்டு வாய்தாவும் போச்சு: கஸ்டடி வழக்குக்கு ஆன்லைன்ல வக்கீல் தேடுறவங்க இதைப் படிங்க

நேத்து மதியம்தான் விஷயமே தெரிஞ்சது. கை நடுக்கம் இன்னும் நிக்கல. ஆறப்போட்டா எழுத மாட்டேன்னு தெரியும், அதனால இப்பவே எழுதறேன். போனது 62,000 ரூபாய். அம்மா எனக்குப் போட்ட சங்கிலியை அடகு வச்சுக் கட்டின பணம். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ஜூன் மாசம் குடும்ப நீதிமன்றத்துல இருந்து சம்மன் வந்துச்சு. கணவர் விவாகரத்து மனு போட்டிருந்தார். கூடவே இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுல, பாப்பாவைத் தன் பொறுப்புல விடணும்னு இடைக்கால மனு. முதல் வாய்தாவுக்கு 19 நாள்தான் இருந்தது. அன்னிக்கு ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும், பாப்பா என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. நான் இருட்டுல போனை வச்சுத் தேடினேன். வக்கீலையும் ஏற்பாடு பண்ணி, பேப்பரையும் தயார் பண்ணித் தர்ற ஒரு இணையதளம். பேரை இப்போ போடல, புகார் கொடுத்திருக்கேன். படிவத்துல நம்பர் போட்டுப் பத்து நிமிஷம் ஆகல, போன் வந்துடுச்சு.

ஒரு பொண்ணு பேசினாங்க. முதல் கேள்வியே "பாப்பா பேரு என்னக்கா?" பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் அழுதுட்டேன். நான் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்காம இருந்தாங்க. எங்க வீட்டு ஆளுங்ககூட அந்த ஒரு வாரத்துல எனக்காக அவ்வளவு நேரம் ஒதுக்கல. அப்புறம் சொன்னாங்க: "அழாதீங்கக்கா. பாப்பா உங்ககிட்டதான் இருக்கும். அதுக்கு நான் கேரண்டி."

அந்த ஒரு வரிக்குத்தான் நான் பணம் கட்டினேன். கஸ்டடி விஷயத்துல குழந்தையோட நலனைப் பார்த்துத்தான் கோர்ட் முடிவு பண்ணும். முதல் நாளே எந்த நீதிபதியும் சொல்ல முடியாததை, ஒரு கால் சென்டர்ல உட்கார்ந்துக்கிட்டு ராத்திரி பத்து மணிக்குச் சொன்னாங்க. நானும் நம்பினேன், ஏன்னா எனக்கு அன்னிக்கு அது தேவைப்பட்டது.

ஆலோசனைக்கு 5,000. மறுநாள் 'கஸ்டடி பேக்கேஜ்'னு 32,000. நாலு நாள் கழிச்சு, நேரம் இல்ல, அவசரமா ட்ராஃப்ட் பண்ணணும்னு 25,000. மொத்தம் 62,000. எனக்காக வக்கீல் ஆஜராகறதுக்கு நான் அதிகாரம் கொடுக்கிற பேப்பர்தான் வக்காலத்து. அதுல கையெழுத்து போட்டு கூரியர்ல அனுப்பச் சொன்னாங்க. வக்கீல் பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையா இருந்துச்சு. கேட்டதுக்கு, "உங்க மாவட்டத்துல யாரு ஃப்ரீயோ அவங்க பேரை நாங்க நிரப்பிப்போம் மேடம்." அக்கா எப்போ மேடம் ஆனேன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். "கோர்ட்டுக்கு நீங்க வரவே வேண்டாம், வக்கீல் பார்த்துப்பார்"னும் சொன்னாங்க.

ட்ராஃப்ட் வந்துச்சு. ரெண்டாவது பக்கத்துல என் பொண்ணு 'மகன்' ஆகியிருந்தா. ஆறாவது பத்தியில, மைனருக்கு ஐந்து வயது நிறையாததால் தாயிடமே இருக்க வேண்டும்னு இருந்துச்சு. 1956-ம் வருஷச் சட்டத்துல அப்படி ஒரு விதி இருக்கிறது உண்மைதான். ஆனா என் பொண்ணுக்கு ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. பிறப்புச் சான்றிதழை நானே ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கேன்! அவளுக்கு வீஸிங் வந்தப்போ ராத்திரி எல்லாம் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, டைரியில நான் போட்ட கையெழுத்துன்னு நாப்பத்தோரு பக்கம் கொடுத்திருந்தேன். அதுல ஒண்ணைக்கூட தொடல. யாரோ வேற ஒருத்தியோட மனுவுல என் பேரை மட்டும் ஒட்டி வச்சிருந்தாங்க.

திருத்தச் சொல்லி எழுதினேன். "டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம்." வாய்தாவுக்கு முந்தின நாள் கூப்பிட்டேன். "வக்கீல் சார் வேற ஹியரிங்ல இருக்கார்." வாய்தா அன்னிக்கு சாயங்காலம், "தள்ளி வச்சிருக்காங்க மேடம், பயப்படாதீங்க." அந்த முதல் பொண்ணோட நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அதுக்கப்புறம் பேசினவங்க ஒவ்வொருத்தரும் என் கதையை முதல்ல இருந்து சொல்லச் சொன்னாங்க. அஞ்சு பேர்கிட்ட அஞ்சு தடவை சொன்னேன்.

நேத்து ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர், ஈ-கோர்ட்ஸ் ஆப்ல வழக்கு எண்ணைப் போட்டா தெரியுமேன்னு சொன்னார். போட்டுப் பார்த்தேன். ரெண்டாவது வாய்தாவுக்கு நேரா இருந்தது: 'ரெஸ்பாண்டன்ட் கால்ட் ஆப்சென்ட். செட் எக்ஸ்பார்ட்டி.' அதாவது, கூப்பிட்டப்போ எதிர்மனுதாரரான நான் வரல, இனி நான் இல்லாமலே வழக்கு நடக்கும்னு அர்த்தம். எனக்காக யாருமே ஆஜராகல. வக்காலத்தே தாக்கல் ஆகல. என் குழந்தையைப் பத்தி நடக்கிற வழக்குல நான் வரவே இல்லைன்னு கோர்ட் ரெக்கார்டுல ஏறிடுச்சு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ட்ராஃப்டிங் முடிஞ்சுடுச்சு, ரீஃபண்ட் கிடையாது." நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்னேன். "வக்கீல் சேவை அதுல வராதுன்னு 2024-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு மேடம்." சரி, அப்போ வக்கீல்களைப் பதிவு பண்ற பார் கவுன்சில்ல புகார் பண்றேன்னேன். "நாங்க சட்ட நிறுவனமே இல்ல, வெறும் தொழில்நுட்பத் தளம். எங்க விதிமுறைகளைப் படிங்க." எது வசதியோ அதுவா மாறிக்கிறாங்க. 62,000 ரூபாய் வாங்கும்போது மட்டும் 'எங்க வக்கீல்'!

நேரா கோர்ட் வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கே இருந்த வக்கீலம்மா சொன்னது இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு. 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டாம். ஒரு ரூபாய் செலவில்லாம கிடைச்சிருக்க வேண்டியதுக்கு நான் 62,000 கட்டியிருக்கேன். தீர்ப்பு இன்னும் வரல, அதனால எக்ஸ்பார்ட்டி உத்தரவை விலக்கச் சொல்லி உடனே மனு போடலாம்னாங்க. குடும்ப நீதிமன்றத்துல வக்கீல் வச்சுக்கிறது உரிமையே கிடையாது, கோர்ட் அனுமதிச்சாத்தான். கவுன்சலிங்குக்கும் நாமதான் போய் உட்காரணும். 'நீங்க வரவே வேண்டாம்'னு எவன் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துடுங்கன்னு சொன்னாங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், பாப்பா முழிச்சுட்டா. சுருக்கமா சொல்லிடறேன். வெத்து வக்காலத்துல கையெழுத்து போடாதீங்க. வக்கீலை நேர்ல பார்க்காம, பதிவு எண் கேட்காம பணம் கொடுக்காதீங்க. வழக்கு எண்ணை நீங்களே ஆப்ல போட்டுப் பாருங்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும். ஒரிஜினல் எதையும் கூரியர்ல அனுப்பாதீங்க. சட்ட உதவிக்கு 15100-க்குக் கூப்பிடுங்க, ஆன்லைன்ல பணம் ஏமாந்திருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு. குழந்தை உங்ககிட்டதான் இருக்கும்னு யாராவது கேரண்டி கொடுத்தா போனை வச்சுடுங்க.

அடுத்த வியாழக்கிழமை வாய்தா. அந்த நாப்பத்தோரு பக்கத்தையும் எடுத்துக்கிட்டு நானே போய் நிக்கப் போறேன்.