செல்ஃப் மோட்டார்: முத்திரையைப் பார்ப்பதா, பல்லை எண்ணுவதா?

பெங்களூரு சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய உதிரிபாகச் சந்தையில், பழைய காருக்கு எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கேட்டால், கடைக்காரர் கட்டைவிரலால் கிரீஸைத் துடைத்து கம்பெனி முத்திரையைக் காட்டுவார்: "பாருங்கண்ணா, லூகாஸ், ஒரிஜினல்." ஜே.சி. ரோடு பக்கம் இருக்கும் என் மெக்கானிக் அந்த எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராக மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் விரல் வைத்துப் பல்லை எண்ணுவார். இரண்டு வழியிலும் நான் மோட்டார் வாங்கியிருக்கிறேன். முதல் வழியில் கையைச் சுட்டுக்கொண்டேன்.

முத்திரை வழி சுலபம், அதை மறுக்கவில்லை. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி மோட்டார் உடம்பில் எம்35ஜி என்று இருந்தால் விட்டம் மூன்றரை அங்குலம். எம்45ஜி என்றால் நாலரை. பக்கத்திலேயே '7 54' என்று குத்தியிருந்தால் 1954 ஜூலையில் செய்தது. லூகாஸ்-டிவிஎஸ் என்று இருந்தால் சென்னை பாடியைச் சேர்ந்த கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனியே 1961இல்தான் வந்தது, ஆகவே 54 மாடல் காரோடு பிறந்த மோட்டார் அது இல்லை. அமெரிக்க டெல்கோ-ரெமி மோட்டாரின் தகட்டில் '4சி12' மாதிரி வரும்: வருடத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு எழுத்து, பிறகு தேதி. அது 1944ஆ 1954ஆ என்பதை நாம்தான் யூகிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், முத்திரை இருப்பது வெளிக்கூட்டில் மட்டும். உள்ளே சுழலும் ஆர்மேச்சர், முன் மூடி, பினியனை நகர்த்தும் பெண்டிக்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். மூன்று செத்த மோட்டாரைப் பிரித்து ஒரு நல்ல மோட்டார் கட்டுவது நம் ஊரில் ஐம்பது வருடப் பழக்கம். குறையென்று சொல்லவில்லை, அப்படிக் கட்டியதால்தான் பல வண்டி இன்றும் ஓடுகிறது.

என் மோரிஸுக்கு வாங்கியதில் எம்35ஜி முத்திரை பளிச்சென்று இருந்தது. போல்ட் ஓட்டை பொருந்தியது, பெஞ்சில் நன்றாகச் சுற்றியது. வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்யும் நாப்பை இழுத்தால் தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம். "பல்லை எண்ணினீங்களா சார்?" என்றார் மெக்கானிக். பழைய பினியனைவிட ஒரு பல் கூடுதல். ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் மெலிசு. பத்து நாளில் ரிங் கியர், அதாவது எஞ்சினின் கனச் சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றி, பினியன் பிடித்துச் சுற்றும் பல் வளையம், போய்விட்டது.

பல்லை எண்ணச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். மோட்டார் தப்பென்றால் திருப்பிக் கொடுக்கலாம். ரிங் கியர் கெட்டால் எஞ்சினை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, புது வளையத்தைச் சீராகச் சூடாக்கி, விரிந்திருக்கும்போதே உட்கார வைக்க வேண்டும். கூலி, மோட்டார் விலையைப் போல இரண்டு மடங்கு ஆனது. நாலு சிலிண்டர் எஞ்சின் அணைக்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும். எனவே தேய்வும் அந்த இரண்டு இடத்தில்தான். கியரைப் போட்டு வண்டியை லேசாகத் தள்ளினால் செல்ஃப் எடுக்கிறது என்றால், பல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணும்போதே பினியனைக் கையால் திருகிப் பாருங்கள். சிலது மோட்டார் பக்கம் உள்வாங்கும், சிலது வெளியே பாயும். பழையது எப்படியோ புதியதும் அப்படியே இருக்க வேண்டும்.

மோட்டார் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று தெரிய, கார்பன் பிரஷ்களை மூடியிருக்கும் பட்டையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். அதே வேலைக்கு 6 வோல்ட் மோட்டார் இரட்டிப்புக் கரண்ட் இழுக்கும், ஆகவே உள்ளே சுற்றியிருக்கும் செம்பு தடிமனாக இருக்கும். பக்கத்தில் ஒரு 12 வோல்ட் மோட்டாரை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பிளஸ் முனை உடம்போடு இணைந்தது) என்று கவலைப்பட வேண்டாம்: ஒரே கரண்ட் இரண்டு சுருளிலும் தொடராகப் போகும் சீரீஸ் வைண்டிங் மோட்டாரில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலும் நிலையாக நிற்கும் ஃபீல்டும் சுழலும் ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறும், சுழலும் திசை மாறாது.

அமெரிக்க மோட்டார் என் கைக்கு வந்தது ஒன்றே ஒன்று, அதனால் அந்தப் பக்கம் அடித்துப் பேச மாட்டேன். 1912 கெடிலாக் காலத்து டெல்கோவில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரம். அங்கே என் பல் கணக்கு தனியாக உதவாது, தகடு இருந்தால் தெய்வம். விண்டேஜ் ராலிக்கு ஒரிஜினல் காட்ட வேண்டியவர்களுக்கும் முத்திரைதான் முக்கியம்.

மோரிஸுக்கு வாங்கிய அந்த மோட்டார் இன்னும் என் மாடியில் கிடக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் முத்திரையைத் துடைத்துக் காட்டுவதில்லை, பினியனைத்தான் நீட்டுகிறேன்.