ஓய்வை அளக்க வினாத்தாளா, நேரக் குறிப்பேடா?

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஆண்களின் ஓய்வையும் பெண்களின் ஓய்வையும் ஒப்பிட முனைகிற ஆய்வாளர் முன் இரண்டு கருவிகள் உள்ளன: உளவியல் வினாத்தாள் ஒன்று, நாள் முழுதும் செய்ததை நேரவாரியாகப் பதியும் நேரக் குறிப்பேடு மற்றொன்று.

வினாத்தாளுக்கு, ஆய்வாளர்கள் பியர்டும் ரகேப்பும் 1980-இல் வெளியிட்ட ஓய்வு நிறைவு அளவுகோலைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் 51 வாக்கியங்களும், 24 வாக்கியங்களே கொண்ட சுருங்கிய வடிவமும் உளம், கல்வி, சமூக உறவு, இளைப்பாறல், உடல்நலம், அழகுணர்வு என்ற ஆறு கூறுகளில் நிறைவை அளக்கின்றன. மனத்தின் நிறைவை நேரடியாகக் கேட்பது இதன் வலிமை. ஆனால் சரிவில் நாள் முழுதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த பெண்ணிடம் உடற்கட்டைப் பேண ஓய்வுநேரம் உதவுகிறதா என்று கேட்டால், அவர் குறைந்த மதிப்பெண்ணே இடுவார். அவருக்கு ஓய்வு என்பதே காலை நீட்டி உட்காருவதுதான். அதே அளவு நிறைவுள்ள, மாலையில் கைப்பந்து ஆடும் ஆண் உயர்ந்த மதிப்பெண் இடுவார். உள்ளிருக்கும் நிறைவு சமமாக இருந்தும் விடை பால்வாரியாக வேறுபடுமானால், சராசரிகளை ஒப்பிடுவதற்கு அடிப்படையே இல்லை.

ஆகவே முதலில் கூறுகளின் அமைப்பும், அடுத்து வாக்கியங்களின் காரணிச் சுமைகளும் (ஒவ்வொரு வாக்கியமும் தன் கூறோடு எவ்வளவு வலுவாக இணைகிறது என்பது), இறுதியாகத் தொடக்க மதிப்புகளும் (நிறைவு சமமாக இருக்கையில் ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கும் அடிப்படை மதிப்பெண்) இரு பாலாருக்கும் ஒன்றா என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். ஆய்வாளர்கள் செங்கும் ரென்ஸ்வோல்டும் 2002-இல் முன்வைத்தபடி, ஒரு படியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது, எண்ணிய அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் சி.எஃப்.ஐ. குறியீடு 0.01-க்கு மேல் சரியக் கூடாது. வாக்கியங்கள் தமக்குள் எவ்வளவு இசைகின்றன என்று அளக்கும் ஆல்பா கெழு இரு பாலாரிடமும் உயர்ந்திருப்பதைக் காட்டிவிட்டு, நேரே சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்குப் போவது, வழக்கமாகிவிட்டாலும், இந்தக் கேள்விக்கு விடையாகாது. ஓரிரு வாக்கியங்கள் மட்டும் பிசகினால் அவற்றுக்குப் பால்வாரியாகத் தனி மதிப்புக் கொடுத்து ஒப்பீட்டைக் காப்பாற்றலாம். ஆயினும் ஒரே தோட்டத்தில் கிடைக்கும் சில பத்துப் பேர் இச்சோதனைக்குப் போதமாட்டார்கள்.

குறிப்பேட்டில் நிமிடம் யாருக்கும் நிமிடமே. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, காலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரையிலான பொழுதை அரைமணிக் கூறுகளாகப் பதிந்தது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது. எனினும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடியே பூண்டு உரிக்கும் பெண்ணின் அரைமணியும், தேநீர்க்கடையில் பேசியிருக்கும் ஆணின் அரைமணியும் ஓய்வு என்ற ஒரே பெயரில் பதிவாகிவிடக் கூடும். குறிப்பேடும் நடுநிலையானதன்று, உடன்செய்த வேலையைக் குறிக்க ஒரு தனிப் பத்தி (நெடுவரிசை) ஒதுக்கினால்தான் அதன் சாய்வு குறையும்.

ஆண்-பெண் இடைவெளியே கேள்வியானால் அந்தப் பத்தியோடு கூடிய குறிப்பேட்டையே நான் தேர்வேன். பெண்களுக்குள்ளேயே நிறைவு உடல்நலத்தோடு எவ்வாறு சேர்ந்து செல்கிறது என்பது கேள்வியானால், பால்வாரிச் சோதனை தேவைப்படாத வினாத்தாளே மேல். எதைக் கொண்டாலும் கொழுந்து மிகும் மாதங்களையும், உறைபனியில் பறிப்பு குறையும் டிசம்பர், ஜனவரியையும் சேர்த்தே தரவு திரட்ட வேண்டும்.