நசுங்கிய ஸ்பிட்ஃபயரும் காட்பாடிப் பட்டறையின் தீர்ப்பும்

காட்பாடியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போன ஒரு பழைய வண்டிப் பட்டறைக்குக் கடந்த மாசி மாதம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் இரண்டு இருக்கைக் காரைக் கிரேனில் கட்டி எடுத்துச் சென்றேன். 1969-ஆம் ஆண்டைய அந்த வண்டியைப் பெரியப்பா குடியாத்தம் அருகே ஒரு புளியமரத்தில் மோதிவிட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் கொட்டகைக்குள் புகுந்து மீதியையும் கெடுத்தது. அதைப் பழுதுபார்க்க நான் கேட்கவில்லை. பழுதுபார்க்கத் தகுமா என்று சொல்வதற்கு மட்டும் 4,000 ரூபாய் கட்டணம் பேசினோம்.

மேஸ்திரி வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பதிவுச் சான்று வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், சேசிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) பாடியையும் எஞ்ஜினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்று விளக்கினார். பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும், கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு அன்றி அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் அவரே முந்திக்கொண்டு சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முன்னர் நான் விசாரித்த வேறொரு பட்டறையில் எந்த நிறம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

பிறகுதான் இரும்பைப் பார்த்தார்கள். ஸ்பிட்ஃபயரின் சேசிஸ், அதே டிரையம்ஃப் நிறுவனத்தின் ஹெரால்டு காரின் சேசிஸைக் குறுக்கிச் செய்தது. ஆனால் ஹெரால்டில் பக்கவாட்டில் ஓடும் சட்டங்கள் இதில் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிவடிவத் தகடே பாரத்தைத் தாங்குகிறது. அந்தத் தகடு துருப்பிடித்தால் வண்டியே நடுவில் தொய்ந்து, கதவு சாத்தாமல் போகும். துணி சுற்றிய காந்தத்தை அதன்மீது ஓட்டியபோது இடப்பக்கத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. சுரண்டினால் உள்ளே இரும்புக்குப் பதில் வெறும் பட்டி, அதாவது ஓட்டையை அடைக்கும் பூச்சு. சேசிஸின் நான்கு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைவிட்டங்களை இரண்டு பேர் டேப் பிடித்து மூன்று முறை அளந்தார்கள். முன்வலது முனை 14 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடித்த அந்த வேலை ஒன்றுக்கே நான் கொடுத்த கட்டணம் தகும்.

எஞ்ஜின் கதை சுருக்கமானது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்த பிறகு 1296 சி.சி. எஞ்ஜின் கையால் சுழன்றது. கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, உள்தேய்மானத்தை அறிய எஞ்ஜினின் முன்னாலுள்ள கிராங்க் புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்த்ததும், முன்சக்கரம் திரும்புவதற்கான பித்தளை மூட்டான டிரனியனுக்குக் கிரீஸுக்குப் பதிலாகக் கியர் எண்ணெய்தான் போட வேண்டும் என்று உதவியாளரைத் திருத்தியதும், மேஸ்திரிக்கு இந்தக் குடும்பத்து வண்டிகள் புதிதல்ல என்பதைக் காட்டின. சென்னையில் 1961 முதல் ஹெரால்டின் இந்திய வடிவமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரிக்கப்பட்டதன் பயன் இன்னும் சில கைகளில் தங்கியிருக்கிறது போலும்.

குறைகளும் உண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஏழு வாரம் கழித்தே வந்தது. இடையில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. அறிக்கையிலும் டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் அனைத்தையும் ஒரே தொகையாக எழுதியிருந்தார்கள். பிரித்துக் கேட்டதற்கு மேஸ்திரி முகம் சுளித்தார். கேட்டபின் பிரித்துக் கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும்.

மொத்தச் செலவு 9 முதல் 11 லட்சம் ரூபாய். இருக்கைக்குத் தோல் ஆம்பூரிலேயே கிடைக்கும் என்பதால் உள்வேலை மலிவு. இரு மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட்டுதான் வயிற்றில் அடித்தது, ஏனெனில் நசுங்கிய அதைத் தட்டி நிமிர்த்த முடியாது, இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும். விற்றால் போட்ட பணம் திரும்பாது என்று, வேலை கைவிட்டுப் போகக்கூடும் என்று தெரிந்தும், மேஸ்திரி அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தார். ஆகவே லாபம் பார்த்து இறங்குபவர் இதோடு விட்டுவிடலாம்.

நான் விடவில்லை, முழு வேலையையும் ஒப்படைக்கவும் இல்லை. பதிவுச் சான்றின் நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, சேசிஸை நிமிர்த்திக் கீழ்த்தகடுகளை மாற்றும் முதற்கட்டத்துக்கு மட்டும் முன்பணம் கொடுத்திருக்கிறேன். தகட்டை அறுக்கும்போது பாடி தொய்ந்துவிடாதபடி கதவு வாயில்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்திருந்ததைப் போன வாரம் நேரில் பார்த்தேன். அந்தக் குழாய்களை எடுத்த பின்பும் இரு கதவுகளும் இடிக்காமல் சாத்தினால்தான் பானெட்டுக்குப் பணம் அனுப்புவதாகப் பேச்சு.