ஒரே பட்டியல், ஒரே வாசல்: வீடற்றோருக்கான ஒருங்கிணைந்த சேவை எப்படி இருக்கிறது?

ஹோட்டலுக்கு, ஹெட்போனுக்கு, கூரியர் கம்பெனிக்கெல்லாம் ரிவ்யூ எழுதித் தள்ளுகிறோம். வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்காகப் பல அமைப்புகள் சேர்ந்து நடத்தும் சேவைக்கு மட்டும் யாரும் எழுதக் காணோம். அதைப் பயன்படுத்துகிறவர் ரிவ்யூ போடும் நிலையில் இருக்க மாட்டார், நன்கொடை கொடுக்கிறவர் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார், நடத்துகிறவர்களோ ஆண்டறிக்கையில் தங்களுக்குத் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வார்கள். நான் இரவு ரவுண்டு போகிற தன்னார்வலர். இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு வாசலிலும் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் காப்பகம் ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம், சாப்பாடு கொடுக்கும் குழு ஒரு பக்கம், அரசு அலுவலகம் இன்னொரு பக்கம், ஒவ்வொருவரிடமும் தனித்தனி நோட்டு. ஒரே மனிதருக்கு ஒரே வாரத்தில் மூன்று போர்வை கிடைக்கும், அவர் காலில் இருக்கும் புண்ணுக்குக் கட்டுப்போட ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். புதிய முறையில் ஒரே தொலைபேசி எண், ஒரே படிவம், பெயர் வாரியாக ஒரே பட்டியல், வாரம் ஒருமுறை எல்லாரும் உட்காரும் கூட்டம். அமெரிக்காவில் இதை விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மனு போடாதீர்கள், உங்கள் பகுதி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே மனுவாகக் கொண்டுவாருங்கள் என்று அங்கே மத்திய வீட்டுவசதித் துறை 1990-களின் நடுவிலேயே சொல்லிவிட்டது. உதவி கேட்டு வருபவர்களைப் பதிவு செய்து மதிப்பிடும் முறையும் பொதுவாக இருக்க வேண்டும் என்று 2012-இல் இன்னொரு விதி வந்தது. பணம் வேண்டுமா, முதலில் ஒன்றாக உட்காருங்கள் என்பதுதான் விஷயம். சேவை அமைப்புகளுக்கு நடுவில் நடக்கும் போட்டியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வாராந்திரக் கூட்டம்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கூட்டம் என்றாலே எனக்கு அலர்ஜி. ஆனால் இது வேறு மாதிரி. சுவரில் ஒரு விரிதாள் ஓடும், அதில் பெயர், எங்கே படுக்கிறார், கடைசியாக யார் எப்போது பார்த்தார், கையில் என்னென்ன ஆவணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், அப்புறம் கடைசிக் கட்டத்தில் “பொறுப்பு” என்று ஒரு தலைப்பு. அந்தக் கடைசிக் கட்டத்தில் அமைப்பின் பெயரைப் போட விடமாட்டார்கள், ஆளின் பெயரைத்தான் போட வேண்டும். இது சின்ன விதி மாதிரி தெரியும், ஆனால் மொத்த ஏற்பாடும் இதில்தான் நிற்கிறது. “மருத்துவமனை பார்த்துக்கொள்ளும்” என்று எழுதினால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் சமூகப் பணியாளரின் பெயரை எழுதினால் அடுத்த வாரம் அவர் எல்லார் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் கூட்டத்தை நடத்துகிறவர் அடுத்த வரிக்குப் போக மாட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் யாராவது ஒருவர் “சரி, நான் எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிடுவார்.

ஒரு பெரியவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். அடையாள அட்டை தொலைந்துவிட்டது. புது அட்டைக்கு முகவரி வேண்டும், முகவரிக்கு வாடகை வீடு வேண்டும், வீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். இந்தச் சுற்றில் அவர் எத்தனை காலமாகச் சுற்றினாரோ தெரியாது. கூட்டத்தில் அவர் பெயர் வந்தபோது, ஆவணப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மா “காப்பகம் ஒரு கடிதம் கொடுத்தால் காப்பகத்தின் முகவரியிலேயே போடலாமே” என்றார். காப்பகப் பொறுப்பாளர் அங்கேயே கடிதத்தை எழுதினார். அவ்வளவுதான் வேலை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காராத வரைக்கும் நடக்காத வேலை.

இப்போது தொலைபேசி எண்ணுக்கு வருகிறேன். இங்கே மதிப்பெண் விழும். தெருவில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று சொல்லக் கூப்பிட்டால் முதலில் மொழியைத் தேர்ந்தெடு, அப்புறம் சேவையைத் தேர்ந்தெடு, அப்புறம் காத்திரு என்று இசை ஓடுகிறது. கடைசியில் எடுப்பவர் “அவருடைய பிறந்த தேதி என்ன?” என்று கேட்கிறார். தூங்குகிறவரை எழுப்பிப் பிறந்த தேதி கேட்கச் சொல்கிறாரா என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காதாம். மென்பொருள் எழுதியவருக்கு இரவு ரவுண்டு போன அனுபவம் இல்லை என்பது மட்டும் தெளிவு. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். மருத்துவமனைகள் வார இறுதிக்கு முன்னால் படுக்கையைக் காலி செய்ய ஆட்களை அனுப்பும் நேரமும் இதுதான், அந்தத் தொலைபேசியை எடுக்க ஆள் குறையும் நேரமும் இதுதான். இந்த ஒன்றைச் சரி செய்தால் பாதி குறை தீரும்.

அந்த மதிப்பீட்டுப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாருக்கு முதலில் வீடு என்று முடிவு செய்ய மதிப்பெண் போடுகிறார்கள். உடல்நிலை, மனநிலை, போதைப் பழக்கம், சிறை, தாக்குதலுக்கு ஆளானது என்று வரிசையாகக் கேள்விகள், அதுவும் முன்பின் தெரியாத ஆள் நடைபாதையில் நின்றுகொண்டு கேட்கிறார். பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் தனக்கு நடந்ததைச் சொல்வாள்? சொல்லாவிட்டால் மதிப்பெண் குறைகிறது, மதிப்பெண் குறைந்தால் வரிசையில் கீழே போகிறாள். உண்மையை மறைக்கத் தெரிந்தவருக்குத் தண்டனை, கொட்டித் தீர்க்கிறவருக்கு முன்னுரிமை. இது என் புலம்பல் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாகப் பயன்பட்ட விஐ-ஸ்பிடாட் என்ற கேள்வித்தாளில் கறுப்பினத்தவருக்குக் குறைவான மதிப்பெண் விழுகிறது என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, அதை உருவாக்கியவர்களே 2021 வாக்கில் அதைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தார்கள். எங்கள் குழுவில் பழகிய களப்பணியாளர்கள் முதல் சந்திப்பில் படிவத்தை எடுப்பதே இல்லை. பெயரும் படுக்கும் இடமும் போதும், மீதியை மூன்றாவது நான்காவது சந்திப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியான முறை அதுதான், ஆனால் மேலிடத்துக்குப் போகும் கணக்கில் அது “முழுமையடையாத பதிவு” என்று சிவப்பில் தெரியும்.

காப்பகம் பரவாயில்லை ரகம். சுத்தமாக இருக்கிறது, பூட்டுள்ள பெட்டி தருகிறார்கள், அது பெரிய விஷயம். குறை என்னவென்றால் காலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இரவு முழுக்கக் காவல் வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் வருகிறவர் எங்கே தூங்குவார்? வீடில்லாதவர் என்றால் வேலையும் இல்லாதவர் என்று யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த 24 மணி நேரம் என்ற சொல் சும்மா போட்டதில்லை. கணவன் மனைவியைத் தனித்தனிக் கட்டடத்துக்கு அனுப்புவது, நாயை வெளியே விட்டுவிட்டு வா என்பது, இவையெல்லாம் அப்புறம். தெருவில் இருப்பவர் காப்பகத்துக்கு வர மறுத்தால் “பிடிவாதம்” என்று பட்டியலில் எழுதாமல், எதனால் மறுத்தார் என்று எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள்.

எனக்கு ரொம்பக் கோபம் வரும் இடம் துப்புரவுப் பணி. ஒரு பக்கம் களப்பணியாளர் வாரக்கணக்கில் பேசிப் பழகி, ஆவணங்களைச் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு “பத்திரமா வெச்சுக்கோங்க” என்று கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் காலை வேறொரு துறையின் வண்டி வந்து நடைபாதையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கவரோடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மாத்திரை, மூக்குக் கண்ணாடி, அட்டை, மகளின் போட்டோ எல்லாம் குப்பையில். அவரும் இடம் மாறிவிடுவார், பட்டியலில் “கடைசியாகப் பார்த்த தேதி” அப்படியே உறைந்து நிற்கும். வண்டி அனுப்பும் துறை அந்த வாராந்திரக் கூட்டத்தில் இல்லை என்றால் ஒருங்கிணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-இல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் படுப்பதற்கு அபராதம் போடலாம் என்று தீர்ப்பு சொன்னது. அங்கே ஒரே ஊரில் ஒரு துறை பட்டியலில் பெயர் சேர்க்கும், இன்னொரு துறை அதே பெயருக்கு அபராதச் சீட்டு எழுதும். அந்த அபராதமே பிறகு வாடகை வீடு கிடைக்கத் தடையாக வந்து நிற்கும்.

சரி, கடைசியில் வீடு கிடைக்கிறதா? இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும், இதைத்தான் அறிக்கைகள் பத்தாவது பக்கத்தில் ஒளித்து வைக்கின்றன. பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் முடிவில் சாவி இல்லையென்றால் அது ஒழுங்கான க்யூ மட்டும்தான். ஹூஸ்டன் நகரத்தைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே திட்டத்தின் கீழ் வந்ததை எல்லாரும் புகழ்கிறார்கள், 2011-க்குப் பிறகு அங்கே வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனதும் உண்மை. ஆனால் அது கூட்டம் போட்டதால் மட்டும் வந்ததில்லை, வீட்டு உரிமையாளர்களைத் தேடிப் போய்ப் பேசி, வாடகைக்கு உத்தரவாதம் கொடுத்து, 25,000 பேருக்கு மேல் வீட்டில் குடியேற்றியதால் வந்தது. பின்லாந்தில் 2008-இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்க் காப்பகங்களையே வீடுகளாக மாற்றியது. ஹெல்சிங்கியில் சுமார் 250 படுக்கை கொண்ட ஒரு பெரிய காப்பகம் 81 தனிக் குடியிருப்புகளாக ஆனது. எண்ணிக்கை குறைந்ததே என்று தோன்றும், ஆனால் அங்கே இருப்பவர் கையில் இருப்பது வாடகை ஒப்பந்தம், படுக்கை எண் இல்லை. உதவித்தொகையில் கை வைத்ததும் 2024-இல் பல வருடங்களுக்குப் பிறகு அங்கேயும் வீடற்றோர் எண்ணிக்கை ஏறியது, அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீடு என்ற வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வீடு என்று 1992-இல் நியூயார்க்கில் ஆரம்பித்தார் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது, வீட்டில் நிலைத்து இருப்பதில் இந்த முறைதான் ஜெயித்தது. எங்கள் சேவையில் இதை ஏற்றுக்கொண்டோம் என்று சொல்கிறார்கள், நடைமுறையில் “கொஞ்சம் தேறட்டும் பார்க்கலாம்” என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சாவி கொடுத்த பிறகு வரும் மாதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வீடு கிடைத்தவர் முதல் வாரம் தரையில் படுக்கிறார், கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கப் பயப்படுகிறார், பழைய இடத்துக்கே போய் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். இந்த நேரத்தில் பட்டியலில் அவர் பெயர் பச்சை நிறமாகி “முடிந்தது” பகுதிக்குப் போய்விடுகிறது, பொறுப்புக் கட்டமும் காலியாகிவிடுகிறது. நியூயார்க் காப்பகம் ஒன்றில் உருவான ஒரு முறையில் ஒரே பணியாளர் ஒன்பது மாதம் கூடவே இருப்பார், மூன்று மாதத்துக்கு ஒரு கட்டமாகத் தன் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

வருடத்துக்கு ஓர் இரவு போய் எண்ணும் கணக்கெடுப்பைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் ஜனவரி கடைசியில் எண்ணுகிறார்கள், 2024-இல் 7,71,480 பேர். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவு எண்ணினார்கள், 17.7 லட்சம். எண் தேவைதான், ஆனால் அன்றிரவு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்தவர் அதில் வர மாட்டார். பெயர்ப் பட்டியல் தினமும் மாறுகிறது, யார் புதிதாக வந்தார், யார் வீட்டிலிருந்து திரும்பத் தெருவுக்கு வந்தார் என்று காட்டுகிறது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு இந்த மாதிரிப் பட்டியலை வைத்துத்தான் 2015-இல் முன்னாள் ராணுவத்தினரையும், 2017-இல் நீண்ட காலமாகத் தெருவில் இருப்பவர்களையும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கூட்டத்துக்கு ஐந்து, தொலைபேசிக்கு ஒன்றரை, படிவத்துக்கு இரண்டு, காப்பகத்துக்கு மூன்று, வீட்டுக்கு எவ்வளவு என்று இந்த வருடம் முடிந்ததும்தான் சொல்ல முடியும். சராசரி போட்டுப் பார்த்து இடிக்கிறது என்று யாரும் வராதீர்கள், கூட்டத்துக்கு நான் கூடுதல் எடை கொடுத்திருக்கிறேன்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: எண்ணுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த மனிதரிடமே கேளுங்கள், உதவிக்குச் சொல்லலாமா என்று. தூங்கினால் எழுப்ப வேண்டாம், மூச்சு சரியில்லை என்று தோன்றினால் மட்டும் எழுப்பி ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்கள். இடத்தைச் சொல்லும்போது தெருப் பெயர் போதாது, எந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு அங்கே இருப்பார், என்ன உடை என்று சொன்னால்தான் ரவுண்டு போகிற எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியும். பிறந்த தேதி கேட்டால் தெரியாது என்று தைரியமாகச் சொல்லிவிட்டு, பதிவு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.