அந்தரா ஊசி: கடலில் இறங்குகிற பெண்ணுக்கு ஒத்துவருமா?

மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களிடம் அந்தரா என்கிற கருத்தடை ஊசியைப் பற்றிக் கேட்டால் இரண்டு கட்சி. தீட்டு நின்றதே நிம்மதி என்பது ஒரு கட்சி. விட்டுவிட்டு ரத்தம் பட்டு உயிரை எடுத்துவிட்டது என்பது இன்னொன்று. நான் இரண்டாவதில் தொடங்கி முதலாவதுக்கு வந்தவள்.

2017-இல் அரசு கொண்டுவந்தது, இலவசம். 150 மில்லிகிராம் புரோஜெஸ்டின் ஹார்மோன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. கருமுட்டை வெளியே வராமல் தடுக்கும். ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோன் இதில் இல்லை. அதனால் பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆனதும், பால் கொடுக்கும்போதே போடலாம். மாலா-என் என்கிற கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் உண்டு, பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. விடியுமுன் வத்தைக்கு (சின்னப் படகுக்கு) ஓடுகிற எனக்குத் தினமும் மாத்திரை போடுவதும் நடக்கிற காரியமில்லை.

முதல் ஊசிக்கு அப்புறம்தான் அவஸ்தை. வாரக்கணக்கில் திட்டுத்திட்டாகப் பட்டது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறையில் பாசி பிடுங்கும்போது, எந்த நேரம் படும் என்றே தெரியாது. இப்படி ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. எரிச்சல்தான். போகப்போகக் குறைந்து, தீட்டே நின்றுவிட்டது. கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று மாமியார் ஒரே புலம்பல். கருப்பையின் உள்சவ்வே தடிக்காதபோது தேங்குவதற்கு என்ன இருக்கிறது? எடை கொஞ்சம் ஏறியது, அது நிஜம்.

ஊசி போடுமுன் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்: பிரஷர் உண்டா, பக்கவாதம் வந்ததா, மார்பில் புற்றுநோய் இருந்ததா, கல்லீரல் கோளாறா, காரணம் தெரியாத ரத்தப்போக்கா. பிரஷர் 160/100-ஐத் தாண்டினால் இது வேண்டாம் என்றார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு முழு மார்க். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று சிஸ்டரும் மறக்காமல் சொன்னார்.

ஆனால் சிஸ்டர் மேசை வரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "கடைசியா எப்பம்மா தீட்டு?" என்று அவர் கேட்டது வாசலில் நின்ற ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு திரை போட என்ன செலவாகும்? ஒரு தடவை ஊசி இருப்பு இல்லை என்று திருப்பியும் அனுப்பினார்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்க, வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்கிற நேரம், எனக்குப் பகீரென்றது. அடுத்த ஊசிக்கென்று கார்டில் இருக்கிற தேதிக்கு அப்புறமும் நான்கு வாரம் வரை போடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

என் நாத்தனாருக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அடுத்த வருஷம் பிள்ளை வேண்டும் என்கிறாள். இது உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியை நிறுத்தினாலும் கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரைகூட ஆகும். அதுவரை ஆணுறை போதும். பால்வினை நோயையும் அதுதான் தடுக்கும், ஊசி தடுக்காது.